நாலாவது கேமரா

யானைக்கல் பாருக்கு நாலு கேமரா.
மூன்று செத்துப்போச்சு.
மிச்சமிருப்பதற்குக் கண் உண்டு, காது கிடையாது.
காலை விற்பனைக்கு ஒளித்துவைத்ததில்
ஒரு குவாட்டர் இடிக்குதே என்று முதலாளி கேட்க,
ராத்திரி பன்னிரண்டுக்கு
முறுக்கு கொறித்தபடி பார்க்கிறேன்.

ஆறு நாற்பத்தொன்று.
மொக்கராசு நுழைகிறான்,
எந்தக் கூட்டத்திலோ கிடைத்த பொன்னாடை தோளில்.
பின்னால் லூர்து,
ஒரு கால் தோல் செருப்பு, மறுகால் ரப்பர்.
ஒருத்தனை ஒருத்தன் தெரியாத முகம் இருவருக்கும்;
வாசலில் நீ முதல்ல, நீ முதல்ல என்று
தள்ளிக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது.

மொக்கராசு நெஞ்சைப் பிடிக்கிறான்.
சாயும்போதே தரையில் மீன்முள்ளைப் பார்த்துவிட்டு
அரை அடி தள்ளி விழுகிறான்.

லூர்து மாரில் அறைந்துகொள்கிறான்.
உள்நாக்கு தெரிய வாய் திறந்திருக்கிறது;
எனக்குக் கேட்பதெல்லாம் மின்விசிறி.
ஒருவர் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறார்.
வேண்டாம், வேண்டாம். தலையாட்டல்.
கட்டைவிரலை வாய்க்குச் சாய்த்துக் காட்டுகிறான்.
கடைசி ஆசை.

வாழைக்காய் மண்டி ஆட்கள் ஐந்து பேர்,
பாலிசி பிடிக்க வந்தவர் ஒருத்தர்,
அவர் பிடித்துவைத்திருந்தவர் ஒருத்தர்,
ஆளுக்கொரு மூடி
பிணத்தின் வாயில்.
பிணம் விழுங்குகிறது.
பிணம் நாக்கால் மீசையைத் துழாவுகிறது.
கூட்டம் கும்பிடுகிறது.

லூர்து அழுகையை நிறுத்தி விரல் மடக்குகிறான்.
ஏழு மூடி. தனக்கு ஒன்றுமில்லை.
இப்போது அழுகிறான் பாருங்கள்,
அது நிஜம்.
விலாவில் ஓர் உதை.
பிணம் ஒற்றைக் கண் திறந்து மூடிக்கொள்கிறது.

லூர்தும் நெஞ்சைப் பிடிக்கிறான்.
நேராக மீன்முள் மேலேயே.
துள்ளி எழுந்து,
இடம் மாற்றி, மறுபடி சாகிறான்.

அப்போதுதான் திரைக்குள் ஓர் ஆள் ஓடிவருகிறான்.
வழுக்கை. கட்டம்போட்ட சட்டை.
கையில் உறை பிரியாத குவாட்டர்.
மண்டியிட்டு, கை நடுங்க மூடி திருகி
ரெண்டு வாய்க்கும் மாற்றி மாற்றி ஊற்றுகிறான்,
கோழிக்குஞ்சுக்கு மருந்து விடுகிற பக்குவத்தில்.
எழுகிறான். சுற்றும்முற்றும் பார்க்கிறான்.
மிச்சத்தைத் தன் தொண்டைக்குள் கவிழ்க்கிறான்.

தண்ணீர் தெளித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.
பின்னாலிருந்து பார்த்தால்
என் முதுகு இவ்வளவு கூனலா?

முதலாளியின் ரகசிய நோட்டில்
உடைசல், ஒன்று என்று எழுதினேன்.
முறுக்கும் தீர்ந்துபோச்சு.
இன்னொரு தடவை ஓட்டினேன்,
அந்த மீன்முள் இடத்திலிருந்து.