கோப்பி நிறுத்திய பதினோராம் இரவு

லாபிசில் கடைசி ரயில் போன பிறகும்
தூங்காதது ஆலையும் நானும்.
அது பாட்டுக்குப் புகையை ஊதுகிறது.
நான் எடைமேடைச் சன்னலில் உட்கார்ந்து
செம்பனைக் குலை லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்கிறேன்.

பத்தொன்பது வருஷம் என்னை நிமிர்த்தி வைத்தது
ஆ குவாய் கடைக் கோப்பி ஓ.
பையில் கட்டித் தருவான்.
மேசைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவிடுவேன்,
ஆஸ்பத்திரியில் தொங்கும் தண்ணீர் மாதிரி.
ராத்திரிக்கு நாலு பை.

ஒருநாள் நெஞ்சு
பழைய மோட்டாரைப் போல
உதைத்து உதைத்து நின்றது.
டாக்டர் மஸ்னா காகிதச் சுருளை நீட்டிப் பார்த்து
"கோப்பி, தே, டின்னில் விற்கிற தண்ணி,
எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார்.
அப்போ எதைக் குடிச்சு முழிக்கிறது?
கேட்டேன்.
அவர் மேசையில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று இரவும்
வலது கண்ணுக்குப் பின்னால் ஒருவன்
சுத்தியலோடு குடியிருந்தான்.
அவன் போனதும் வைத்தியர்கள் வந்தார்கள்.
பாய்லர் பக்கம் வேலை செய்யும் தனபாக்கியம்
செராய் தட்டி வெந்நீர் கொடுத்தாள்.
நல்ல வாசம்.
மீன் குழம்பு ஞாபகம் வந்து பசித்தது,
தூக்கம் அப்படியே இருந்தது.
சுக்கு குடித்தேன், தொண்டை மட்டும் முழித்துக்கொண்டது.
பார்லி சுத்தத் தாலாட்டு.
மைலோவிலும் கொஞ்சம் அது இருக்காம்,
ஸ்கூடாயில் படிக்கும் மகள் தகவல் அனுப்பினாள்.
"பகல்ல தூங்குறியாம்மா?" என்றும் கேட்டிருந்தாள்.
அதற்குப் பதில் போடவில்லை.
அசாம் போய் ஒன்றை
கன்னத்தில் ஒதுக்கினால்
பதினொரு நிமிஷம் தாங்கும்.
பிறகு வெறும் கொட்டை.

ஒன்பதாம் இரவு, மணி மூன்றேகால்.
கணினி கெட்டுக் கிடந்த வாரம், கையெழுத்துச் சீட்டு.
ரொஸ்லியின் லாரி ஏறி நின்றது.
திரையில் பதினெட்டாயிரத்து முன்னூற்று நாற்பது.
என் பேனா எழுதியது
பதிமூன்றாயிரத்து எண்ணூற்று நாற்பது.
நாலரை டன் பழம்
பேனா முனையில் உதிர்ந்து போனது.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.
"காக்கா, என் லாரி டயட்டா?"
சிரித்தான். நானும் சிரித்தேன்.
பாதம் இரண்டும் சில்லிட்டுவிட்டன.
அதன் பிறகு விடியும்வரை கண் மூடவில்லை.
பயமும் ஒரு கோப்பிதான்,
தினம் தினம் கலக்கிக் குடிக்க முடியாது.

மறுநாள் சன்னலைத் திறந்து வைத்தேன்.
ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னேன்.
"பதினாறு, ஏழு, ரெண்டு, சைபர்!"
இருட்டிலிருந்து ரொஸ்லி திருப்பிக் கத்தினான்:
"எனம் பெலாஸ், தூஜோ, டுவா, கோசோங்!"
அவனுக்குப் பின்னால் நின்ற மாரிசாமியும் கத்தினான்,
ஏலக்கடை நடத்துவது மாதிரி.
லோக் பகதூர் தன் பாஷையில் ஏதோ சொன்னான்,
எண்தான் என்று நம்பினேன்.

லாரி வராத நேரம் இன்னும் மோசம்.
தலை மேசையைத் தேடிப் போகிறது.
எழுந்து மேடையின் இரும்பில் நானே ஏறி நிற்பேன்.
அது இருபது கிலோ இருபது கிலோவாகத்தான் எண்ணும்.
அறுபதா எண்பதா என்று
திரை கொஞ்ச நேரம் யோசிக்கிறது.

இன்று பகலில்
படுக்கையறைச் சன்னலுக்கு உரச்சாக்கை ஆணியடித்தேன்.
வாசல் மணியின் பேட்டரியைக் கழற்றி
அரிசி டின்னில் போட்டேன்.
ஐந்தரை மணி நேரம்.
எழுந்தபோது என்ன கிழமை என்று தெரியவில்லை,
தலையணையில் எச்சில்.
மகளுக்குப் பதில் அனுப்பினேன்: ம்.

வேலைக்கு வரும் வழியில் ஆ குவாய் மறித்தான்.
"ஏன் வரலே? கோவமா?"
வெந்நீர் ஒரு பை கேட்டேன்.
என்னையும் பார்த்தான், பையையும் பார்த்தான்,
முப்பது சென் வாங்கிக்கொண்டான்.

இதோ, அதே ஆணியில் தொங்குகிறது,
உள்ளே எதுவுமே இல்லாத மாதிரி.
மணி நாலரை.
கடைப் பக்கமிருந்து காற்று
முதல் கோப்பியின் வாசத்தைக் கொண்டு வருகிறது.
மூக்கை மட்டும் அனுப்பி வைத்தேன்.
லாரி விளக்கு திரும்புகிறது.
தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.