இடப்பக்கம்

மித்சுயேவைக் கூப்பிட்டுவிட்டது டோக்கியோ.
லிஃப்ட் பராமரிப்பு, கிழக்கு மண்டல மேலாளர்.
கைக்கு வருவது மாதம்
ஒரு லட்சத்து இருபதாயிரம் யென் அதிகம்.
ஆகஸ்ட் மாத மின்கட்டண ரசீதைத் திருப்பிப்போட்டு
நடுவே ஒரு கோடு இழுத்தாள்.
இந்தப் பக்கம் ஒசாகா. அந்தப் பக்கம் அது.

அரைமணி நேரம் அதுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.
பிறகு வாடகை வந்தது.

இங்கே குளியல் தொட்டியில் நான் கால் நீட்டுவேன்.
அங்கே இதே பணத்துக்கு
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்
மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி.
அது போக, சாவி வாங்கும்போதே
நன்றிப் பணம், இரண்டு மாத வாடகை. திரும்பி வராது.
"யாருக்கு நன்றி?"
"வீட்டுக்காரருக்கு. உள்ளே விட்டதற்கு."
தலை நிமிரவில்லை அவள்.
கார் நிறுத்தும் கட்டணத்தைப் பார்த்ததும்
காரையே கோடு போட்டு அடித்துவிட்டாள்.

"நொரோவுக்கு?" என்றாள் சிஹாயா.
நொரோ அவளுடைய ஆமை.
அதன் தீனி இரண்டு ஊரிலும் ஒரே விலை.
தாளில் ஆடாமல் நின்றது அது ஒன்றுதான்.

எங்கள் ஊரில் ஒருத்தியிடம்
கோட்டு அழகாயிருக்கிறது என்று சொல்லிப்பாருங்கள்,
"வெறும் மூவாயிரம்!" என்பாள், மார்தட்டி.
டோக்கியோவில் அப்படிச் சொன்னால்
பாவம் என்று பார்ப்பார்களாம்.
மித்சுயேவின் கோட்டு இரண்டாயிரத்து எண்ணூறு.

என் பெயர் கடைசியில் இருந்தது.
சகாயில் சைக்கிள் கடை,
பதினாறு வருஷமாகக் கோணல் சக்கரம் நிமிர்த்துகிறேன்.
ஒசாகா பக்கம் அதற்கொரு தொகை.
அந்தப் பக்கம் கேள்விக்குறிகூட இல்லை.
அதன் கீழே, சின்ன எழுத்தில்:
புல்லட் ரயில், மாதம் இருமுறை,
ஒன்று கம்பெனி செலவு,
மற்றது இருபத்தொன்பதாயிரம்.

ஓ.

ஒற்றை அறை எழுபத்தோராயிரம்.
இன்னொரு ரைஸ் குக்கர், இன்னொரு குடை,
இன்னொரு எரிவாயு ரசீது, எல்லாம் பிரித்துப்போட்டால்
மாதம் ஒன்பதாயிரம்.
மிச்சம் பதினோராயிரம்.
உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குகூட மிஞ்சாதென்பார்கள்.
எங்களுக்கு மிஞ்சிவிட்டது.
அதை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

"நீ இல்லாத இரவு இருபத்தாறு.
ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது?"
பொத்தான்களைத் தட்டினாள்.
"நானூற்று இருபத்து மூன்று."
ஒரு கிண்ணம் உடோன்.
"கட்டுப்படியாகாதும்மா, இன்னும் கொஞ்சம் போட்டுத் தரச் சொல்"
என்றேன், மீன்கடைக் குரலில்.
சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.
பேனாவை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை உமேதா நிலையத்தில்
எஸ்கலேட்டர் ஏறினோம்.
எங்கள் ஊர் வலப்பக்கம் நிற்கும்,
இடப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு.
டோக்கியோவில் நேர்மாறு.
எனக்கு இரண்டு படி மேலே மித்சுயே
இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள்,
எதையோ யோசித்தபடி.
பின்னாலிருந்து ஒரு பையன், "கொஞ்சம்..."
மன்னிப்புக் கேட்டு இந்தப் பக்கம் நகர்ந்தாள்.

அவள் கை வைத்திருந்த கைப்பிடி
காலியாக
மேலே போய்க்கொண்டிருந்தது.