இருபது மில்லி நுரை

மூலை கிடையாது எங்கள் எழுத்துகளுக்கு.
பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற ஏற்றத்தாழ்வும் இல்லை.
அதனால் குத்தாயிசியில் லேசர் ஓட்டுவது
குழந்தை விளையாட்டு என்பார் முதலாளி ஓதார்.
ஓட்டுவது நான்.

வளைவில்தான் அது தயங்கும்.
தயங்கிய இடத்தில் நுரை உருகி
அடிப்பிடித்த பாலாய்ப் பழுப்பேறும்.
வேகத்தைக் கூட்டு. சக்தியைக் குறை.
ஒரே மூச்சில் அறுக்காதே, இரண்டு முறை போ.
சிகரெட்டுக்கு வெளியே போகாதே.
சுவரில் ஒட்டியிருப்பது எனக்கு நானே எழுதியது.
போன பிப்ரவரியில் ஒரு பல் மருத்துவரின் கடைவாய்ப்பல்
என் கண் முன்னால் தீப்பிடித்தது.

உஷாங்கி லெஷாவா பெயர்ப்பலகை கேட்டு வந்தார்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் டயர்க் கடை.
கையோடு ஒரு வெள்ளை அட்டை,
மச்சான் சும்மா கொடுத்ததாம்.
செம்புக் கம்பியைச் சுட்டு, அதன் ஓரத்தில் தொட்டு,
மறுபடி நெருப்பில் காட்டினேன்.
பச்சைச் சுடர்.
"இது பிவிசி. அறுத்தால் குளோரின்.
இயந்திரமும் துருப்பிடிக்கும், நானும்."
சிரித்தார். என் நுரையையே வாங்கிக்கொண்டார்,
கறுப்பு, இருபது மில்லி.

லெஷாவா சகோதரர்கள்.
எங்கள் மொழியில் சகோதரர்கள் முதலில் வருவார்கள்:
ட்ஸ்மெபி லெஷாவா.
ஐந்து எழுத்து, அப்புறம் ஆறு.

செவ்வாய் சாயங்காலம் அறுத்தேன்.
புகைவிசிறி உறும, சிவப்புப் புள்ளி
தனக்கு மட்டும் தெரிந்த பாதையில் போய் வந்தது.
மூடிய வயிறுள்ள எழுத்துகளின் வயிறுகள்
தேன்கூட்டுத் தட்டில் தனியே விழுந்தன.
எழுத்தை எடுத்தால் அங்கே எழுத்தளவு பள்ளம்.
திரும்ப அதிலேயே வைத்துப் பார்ப்பேன்,
கெட்ட பழக்கம்.
ஆடும்.
வெட்டு ஒரு மயிரிழை அகலம் தின்றிருக்கும்.
எங்கே போனது என்று
புகைக்குழாயைத்தான் கேட்க வேண்டும்.

புதன்கிழமை உஷாங்கி தொப்பியைக் கழற்றவில்லை.
"முதல் சொல் வேண்டாம்."
"அறுத்தாகிவிட்டதே."
"காசு முழுசாகத் தருகிறேன். சொல் வேண்டாம்."
ஆறு எழுத்தையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
காற்று பிடுங்கிவிடும் என்று
மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

மிச்சம் ஐந்தெழுத்து.
பசை கலக்கும் தராசில் வைத்தேன்:
நாற்பத்தோரு கிராம். ஒரு முட்டை இதைவிடக் கனம்.
எறிய மனம் வராமல்
அலமாரியின் மேல்தட்டில், பழைய தேர்தல் சின்னங்களுக்கும்
பணம் கட்டாத பூக்கடைக்கும் இடையில் செருகினேன்.

மூன்று வாரம் கழித்து ஒருவர்.
அதே புருவம், அதே ரப்பர் வாசனை, குரல் மட்டும் மெலிசு.
"ஜும்பெர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடை போடுகிறேன்.
ஒரு சொல் போதும். 'சகோதரர்கள்'."
"குடும்பப் பெயர்?"
"அது அவனிடம் இருக்கிறது.
முப்பது வருஷமாக ஜனங்கள்
'சகோதரர்களிடம் போ' என்றுதானே சொல்கிறார்கள்.
அந்த ஜனங்கள் எனக்கு வேண்டும்."

ஏணி போட்டு ஏறினேன். தூசி தட்டினேன்.
"அதற்குள்ளாகவா?" என்றார்.
"மூலை இல்லாத எழுத்து. சுலபம்."
பசைக்கு மட்டும் நாலு லாரி வாங்கினேன்.
எழுத்துக்கு ஏற்கெனவே யாரோ கொடுத்திருந்தார்கள்
என்று சொல்லவில்லை.
கறுப்பைத் தடவிப் பார்த்தார்.
எதையோ கேட்க வந்து,
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார்.

என் வேன் இரண்டு கடையையும் கடக்கிறது.
காலையில் பெயர் சரியான வரிசையில் வரும்:
முதலில் சகோதரர்கள், அப்புறம் லெஷாவா.
சாயங்காலம் தலைகீழ்.
நடுவில் பாலம், கீழே ரியோனி,
பன்னிரண்டு நிமிடம்.
நெரிசல் இருந்தால் இருபது.