மஞ்சள் பட்டை

கோபாலபுரம் சோதனைச்சாவடியில்
பத்தொன்பது வருஷம்
மாடுகளின் காது படித்தேன்.
பொள்ளாச்சிச் சந்தை கலைந்து
லாரிகள் பாலக்காட்டுப் பக்கம் திரும்பும் இரவுகள்.
டார்ச் வெளிச்சத்தில் மஞ்சள் பட்டை, பன்னிரண்டு எண்.
கோமாரி ஊசி போட்டதா, போடாததா.
போ. நில்.
அவ்வளவுதான் என் மொழி.

முதலில் வயிறு மக்கர் பண்ணியது.
நாலு நாளைக்கு ஒருமுறை; பூவன்பழத்தை நம்பியிருந்தேன்.
அப்புறம் மூக்கு.
டயர் நனைக்கும் குழியில் ஃபீனாயில் நெடி
ஒரு நாள் வரவேயில்லை.
தண்ணீர் கலக்கிறாயா என்று
ஷாகுலை வைதேன், பாவம்.
கை ஆடியது ஓய்வு பெற்ற பிறகு.

பாலக்காட்டில் டாக்டர் ரெஜினா
பாதித் தமிழில் சொன்னார்:
"மூளை செல்லுக்குள்ள ஒரு புரதம் மடிப்பு தப்பிப் போகும்.
அதோட துணுக்கை செல் வாசலில் எடுத்துக் காட்டும்.
ரத்தத்தில் சுத்துற காவல், டி செல்,
அதைப் பார்த்து அந்நியன்னு நினைக்கலாம்.
மூளைக்குள்ளயே இருக்கிற காவலும் கூடச் சேரும்.
அழற்சி. பக்கத்து வீடும் வேகும்.
எல்லாருக்கும் இப்படியா? தெரியாது.
முதல் தப்பு யாருது? அதுவும் தெரியாது.
ஆராய்ச்சி நடக்குது, கேட்டோ."

கேட்டேன்.
சுவரில் மூளையின் படம் தொங்கியது.
எனக்குத் தெரிந்தது மயிலாத்தாளின் கிடாரி.

வீடு இந்தப் பக்கம், மேய்ச்சல் கோட்டுக்கு அந்தப் பக்கம்.
தினமும் என் மேசையைத் தாண்டிப் போய்வரும்.
கோமாரி பரவிய அந்த ஐப்பசியில்
வேலிக்கம்பியில் காது கிழிந்து பட்டை விழுந்துவிட்டது.
"நம்ம மாடுங்க. நேத்துக்கூடத் தடவிக் குடுத்தீங்களே."
தடவினேன்தான்.
எண் எங்கே என்றேன்.

பிடித்துவைத்த லாரி மாடுகளோடு
கொட்டகையில் அடைத்தேன்.
நோயில்லாமல்தான் உள்ளே போனது.
ஆறாம் நாள் வாயில் நுரை,
குளம்பு பிளந்து, கால் மாற்றி மாற்றி நின்றது.
பதிவேட்டில் எழுதினேன்:
'தொற்றுள்ள கால்நடை, தடுக்கப்பட்டது.'
கையெழுத்து அன்றைக்கு நேராக இருந்தது.

இப்போது எழுத்து வரவர எறும்பாகிறது.
மூன்று மாதத்துக்கொருமுறை
அதே சாவடி வழியே பஸ்ஸில் போகிறேன்.
புதுப் பையன் டார்ச்சை ஆட்டி வழிவிடுகிறான்,
உள்ளே யாரென்று எட்டிப் பார்ப்பதில்லை.
காப்பி மணக்கவில்லை, மழை மணக்கவில்லை.
அந்தக் கொட்டகை மட்டும்
சாவடி வந்ததும் மூக்கில் ஏறுகிறது;
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

எட்டு மணி மாத்திரைக்கு இன்னும் இருபது நிமிஷம்.
மடியில் என் வலது கை.
கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
எதையோ பிடித்து உருட்டுகின்றன,
கிழிந்த காதில்
எண் தேடுவதுபோல.