இடது காது

பத்தாயிரம் தரம் பார்த்த பிறகுதான்
ஒரு தரம் கேட்டேன்.

அங்கேரிபாளையம் ரோட்டில்
பனியனில் படம் அடிக்கிற கம்பெனி எங்களுடையது.
எங்களுடையது என்றால்
கம்பெனி முதலாளிக்கு, கலர் கலக்குவது எனக்கு.
இந்த சீசனில் டென்மார்க் பையர் கேட்டதெல்லாம்
பழைய இசைத்தட்டுகளின் அட்டைப்படம்.
எரிகிற நாற்காலி: ஆறு கலர், ஆறு ஸ்கிரீன்.
தண்ணீரில்லாத நீச்சல்குளம்: மூன்று.
எக்காளத்தைத் தோளில் சாய்த்து
முதுகு காட்டி நிற்கும் ஒருவர்: கறுப்பும் நீலமும்.
அந்த நீலம் வர எனக்கு நாலு நாள் பிடித்தது.
நொய்யலுக்கு ஒரே ராத்திரியில் வந்துவிடும்.

"உள்ள என்னதான் இருக்குமுங்க்கா?"
கேட்டது சுகந்தா. பாலாங்கிர் பையன்.
அவன் தமிழில் 'ங்க' கொஞ்சம் எச்சாகவே விழும்.

அவன் போன், அவன் இயர்போன்.
எனக்கு இடது, அவனுக்கு வலது.
நைட் ஷிப்டில் க்யூரிங் மெஷின் சூடேற
இருபது நிமிடம் ஆகும்,
தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிகிற நேரம்.

எரிகிற நாற்காலி ஏமாற்றம்.
அட்டையிலிருந்த தீ பாட்டில் இல்லை.
யாரோ கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிறான்,
முடியட்டும் என்று காத்திருந்தேன்.
அதுதான் பாட்டாம்.

நீச்சல்குளம் வெறும் தட்டல்.
தட்டல், மறுபடி அதே தட்டல்.
எங்கள் ஓவர்லாக் வரிசையில்
எண்பது ஊசியும் தற்செயலாய்
ஒன்றாக இறங்கும் ஒரு நொடி உண்டு.
அந்த நொடியைப் பிடித்து
ஒரு மணி நேரத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.
அது புரிந்ததும் பிடித்துப்போயிற்று.

மண்டையோட்டுப் படம்
ரிக் வண்டி பாறையில் இறங்குகிற சத்தம்.
திருச்செங்கோட்டில் என் தம்பியும் அதைத்தான் ஓட்டுகிறான்,
அவனுக்கு யாரும் பனியன் அடிக்கவில்லை.
ஆனால் எழுநூறு அடியில் தண்ணீர் தட்டினாற்போல்
கடைசியில் ஒரு பியானோ.
அதை மட்டும் இன்னொருக்கா போடச் சொன்னேன்.

தீவுக்காரர்கள் பாட்டில் தாளம்
விழவேண்டிய இடத்தைத் தாண்டி விழுகிறது,
ஒத்தைச் செருப்பில் வார் அறுந்தவன்
அவசரமில்லாமல் நடப்பதுபோல.

ஒரு சீமாட்டி உச்சியில் பாட
ஒயர் பிடுங்கி ஸ்பீக்கரில் வந்துவிட்டது.
கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் ஓடிவந்தார்:
"ஆருக்குங்க அடிபட்டுச்சு?"

நீலத்தைக் கடைசிக்கு வைத்திருந்தோம்.
கேட்டு முடித்து நான் சொன்னேன்:
"பாவம், அந்த ஆளு ஊதவே இல்லியே.
ஒருத்தன் பிரஷ்ஷில பாத்திரம் தொடைக்கறான்,
ஒருத்தன் தடிக் கம்பிய மீட்டறான்.
ஒறம்பரைக்குச் சோறாக்கி வெச்சுட்டு
வாசலையே பாத்துட்டு இருக்கறாப்பல."

சுகந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
"முழுக்க அவருதானுங்க்கா ஊதுனாரு?
தனியா. வெறும் ஊட்ல நின்னு
ஊதறாரு, நிறுத்தறாரு,
யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களான்னு கேக்கறாரு."

அரைமணி சண்டை.
நான் தூங்கிவிட்டேன் என்றான்.
அவன் வேறு ஏதோ போட்டுக் கேட்டான் என்றேன்.

அந்தக் காலத்துப் பதிவுகளில்
வாத்தியங்களை ஆளுக்கொரு பக்கம்
பிரித்து வைப்பார்களாம்.
மெர்ச்சண்டைசர் பொண்ணு டீ குடித்தபடி
சும்மா சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படியென்றால் இத்தனை ராத்திரியும்...
நாற்காலித் தீ அவன் பக்கம் எரிந்திருக்கலாம்.

"ரெண்டையும் மாட்டிப் பாருங்க்கா" என்று நீட்டினான்.
அதற்குள் மெஷினில் பச்சை விளக்கு.

அந்த லாட்டில் முப்பத்தாறு பீஸ் ரிஜெக்ட்.
நீல ஸ்கிரீன் அரை சென்டிமீட்டர் நகர்ந்து
முதுகு காட்டி நின்றவர்
தனக்குப் பக்கத்தில் தானே நிற்கிறார்.
நாற்பது ரூபாய்க்கு ஒன்று எடுத்துவந்தேன்.
கொடியில் காயப்போடும்போது வீட்டுக்காரர்
பல்குச்சியோடு வந்து பார்த்தார்.

"இதென்ன புள்ள, ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

"தெரீலீங்க" என்றேன்,
"நான் பாதிதான் கேட்டேன்."