தோர்ஷ் வறுவல் முப்பத்திரண்டு

சுவருக்குக் காது உண்டென்பது தெரிந்ததுதான்.
அதற்குக் கண்ணும் வாயும் வைத்து
பன்னிரண்டு தவணையில்
வீட்டுக்குத் தூக்கி வந்தது நான்.

கிடினியா துறைமுகத்தில்
லாரிகளை எடைபோடும் இரவு வேலை எனக்கு.
காலை ஆறு பத்துக்குக் கதவைத் திறப்பேன்.
டிவியும் விழித்துக்கொள்ளும்.
செய்திக்கு முன்னால் கறுப்புத் திரைச்சீலை விற்கும்.
மறுவாரம் தூக்க மாத்திரை.
அதற்கடுத்த வாரம்
தனியாக வாழும் பெண்களுக்கான பூட்டு.

தனியாக என்று
நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.
போக்னா போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.
அவள் மழைச் செருப்புகூட
அப்படியே வாசலில்.

வைஃபையைப் பிடுங்கினேன்.
இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை என்று
பால் மறக்காத பிள்ளை மாதிரி
பத்து நிமிடத்துக்கொரு முறை சிணுங்கியது.
'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தான் தாம்பாளம் அளவு.
'பிறகு' எள்ளளவு, அதுவும் சாம்பல் நிறத்தில்.
'மாட்டேன்' என்றொரு பொத்தான் செய்ய
அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் கை வரவில்லை.

ஸ்மார்ட் இல்லாத டிவி இருக்கிறதா?
கடைப்பையன் மேலாளரைக் கூப்பிட்டான்.
மேலாளர் என் ஷூவைப் பார்த்தார்.
"புத்தி இல்லாததா கேட்கிறீர்கள்?"
ஆமாம் ஐயா,
சொன்னதைக் காட்டிவிட்டு
வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒன்று.

புரொஜெக்டர் இரவல் வாங்கினேன்:
சுவரின் ஈரக்கறை எல்லாப் படத்திலும் நடித்தது.
கணினித் திரை: கட்டிலிலிருந்து பார்த்தால் தபால்தலை.
பழைய பெட்டி டிவி, நாற்பத்தொரு கிலோ
(எடை விஷயத்தில் என்னை நம்பலாம்),
எனக்கோ நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.

கடைசியில் ஒரு ஏலத்தில்.
கடற்கரைச் சாலையில் மூடிப்போன
மீன் வறுவல் கடையின் விலைப்பலகை.
நாற்பத்து மூன்று அங்குலம்.
ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை.
முதுகில் ஒரு துளை, அதில் ஒரு கம்பி.
கொடுத்தால் காட்டும்.
கொடுக்காவிட்டால் கறுப்பு.
எதிர்வீட்டு ஓல்கியெர்ட் ஒரு முனையைப் பிடிக்க,
ஒவ்வொரு தளத்திலும் அவர் மூச்சு வாங்க,
மேலேற்றினோம்.

படத்தில் இருட்டு வந்தபோதுதான் பார்த்தேன்.
கொலைகாரன் நெற்றியில் மெல்ல எழுந்தது:
தோர்ஷ் வறுவல் 32.
கழுத்துப் பக்கம் ஃப்ளோண்ட்ரா 28.
காலர் நுனியில், உருளைக்கிழங்கு தனி.
பதினோரு வருடம்
ஒரே எழுத்தை அசையாமல் சுமந்த கண்ணாடி
அதைத் தழும்பாக்கி வைத்திருந்தது.
தேய்த்தேன்.
துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது.

ஓல்கியெர்ட் இருமும்வரை சிரித்தார்.
"விளம்பரத்துக்குப் பயந்து ஓடிப்போய்
விளம்பரத்தையே கட்டிக்கொண்டாயே அம்மா!"

இருக்கட்டும்.
அந்த விலையில் இனி எங்கும் மீன் இல்லை.
அந்த முகவரியில் இப்போது சலவைக்கடை.
நான் தூங்கினேனா என்று இது கேட்டதில்லை.
போக்னா ஒருநாள் செருப்பை எடுக்க வந்தாள்,
ஐந்து நிமிடம் நின்றாள், போனாள்.
மறுநாள் காலையும்
தோர்ஷ் முப்பத்திரண்டுதான்.

சனிக்கிழமைகளில் ஓல்கியெர்ட் கால்பந்து பார்க்க வருகிறார்.
பனி விழுந்த மைதானத்தில் எழுத்து தெரியாது.
விளக்கெட்டாத மூலைக்குப் பந்து போனால்
ஃப்ளோண்ட்ராவுக்கு அடியில் காணாமல் போய்
உருளைக்கிழங்கில் வெளியே வரும்.

அரைமணி ஓடிச் சூடேறியதும்
பின்துளைகளிலிருந்து, இன்னமும்,
கொஞ்சம் பழைய எண்ணெய் வாசம்.
அவர் மூக்கை உறிஞ்சுகிறார்.
ஃப்ரீசரில் ஏதாவது இருக்கிறதா என்கிறார்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாதி ஆட்டம் முடியட்டும் என்கிறேன்.