இடது கன்னம் மட்டும்

"என்னக்கா, மிக்ஸியா? எடையே இல்லையே"
என்றார் கொரியர் பெள்ளிராஜ்.
ஆமாம் என்றேன்.
போனஸில் மூவாயிரத்து நானூறு
கைக்கு அடங்கும் மிக்ஸியாகி
கட்டபெட்டு வளைவில் என் பைக்குள் இறங்கியது.

உள்ளே ஒரு வெள்ளைக் கருவி.
முனையில் வைரத்தூள் என்கிறது அட்டை.
கல்யாண மூக்குத்தியிலேயே வெறும் வெள்ளைக்கல்தான்.
வைரம் முதல்முதலாக என் முகத்துக்கு வருகிறது,
தேய்க்க.

தவராசன் ஊட்டிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார்.
பிள்ளைகள் தூங்கட்டும் என்று காத்திருந்து
வெந்நீரில் முகம் கழுவி, ஈரம் ஒற்றி,
ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து
(குறிப்பேட்டில் படம் இருக்கிறது,
படத்திலிருக்கும் பெண்ணுக்குத் தேய்க்க ஒன்றுமே இல்லை)
தாடையிலிருந்து காது நோக்கி ஓட்டினேன்.

பூனை நக்கியது போலிருந்தது முதலில்.
பிறகு சின்னதாக ஓர் உறிஞ்சல்.
கன்னம் கொஞ்சம் எழும்பி
கொஞ்சம் யோசித்து
திரும்ப உட்கார்ந்தது.

மங்கு வந்து பதினொரு வருஷம்.
சின்னவள் வயிற்றிலிருந்தபோது வந்தது.
அவள் இறங்கிவிட்டாள், இது இறங்கவில்லை.
கோத்தகிரி சந்தையில் தெரிந்தவர்கள்
கண்ணைப் பார்த்துப் பேசத் தொடங்கி
கன்னத்தில் முடிப்பார்கள்.
ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருக்கிறது.
நான்கு முறை ஓட்டினேன்.
யார் எண்ணுகிறார்கள்?

பஞ்சு வடிகட்டியைக் கழற்றினால்
சாம்பல் நிறத்தில் மாவு.
எனக்குத் தொழிலே சலிப்பதுதான்,
தேயிலையில் நாரையும் தூளையும் பிரிக்கும் மெஷினடியில்
ஒன்பது வருஷம் நிற்கிறேன்.
விரலில் எடுத்து, பல்புக்கு நேரே பிடித்து,
தரம் சொல்லப் பார்த்தேன்.
முதல் டஸ்ட் இல்லை. இரண்டாவதும் இல்லை.
மூட்டை கட்டிக் கழிவென்று நாங்கள் எழுதும்
அந்தப் பஞ்சு ரகம்.
ஏலத்துக்குப் போகாது.

வலது கன்னத்துக்குக் கொண்டுபோனபோது
கரண்ட் போயிற்று.

போனில் டார்ச் அடித்துக் கண்ணாடி பார்த்தேன்.
மூக்குக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, சிவந்து,
யாரோ அறைந்துவிட்டு மன்னிப்பும் கேட்ட மாதிரி.
அந்தப் பக்கம் பழையவள்.

காலையில் சொன்னார்கள்,
சில்வர் ஓக் முறிந்து டிரான்ஸ்பார்மர் மேல் கிடக்கிறதாம்,
இரண்டு நாள் ஆகுமாம்.
அதற்காக ஆறே முக்கால் பஸ் நிற்குமா?
நடந்தேன்.
செடிகளைத் தாண்டி ஏறி வருகிற காற்று
வலது பக்கம் எப்போதும் போல மோதிற்று.
இடது பக்கம் ஊசி ஊசியாக நின்றது.
புதுசுக்குக் குளிர் தெரிகிறது.
பதினொரு வருஷத்தில் அந்த இடத்தில்
காற்று பட்டதாக நினைவே இல்லை எனக்கு.

பாக்டரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
கருவி என் பையில் எப்படி வந்தது என்று
தெரியாதவள் போல
பேக்கிங் ரூம் பிளக்கில் சொருகினேன்.
மரியபுஷ்பம் பார்த்துவிட்டாள்.
முகத்தைக் காட்டவில்லை அவள்,
வலது கட்டைவிரலை நீட்டினாள்.
கொழுந்து பறித்த காலத்துக் கறை
ஓரமெல்லாம் கருத்து வெடித்திருந்தது.
"இதப் போக்குமா?"

ஓட்டினேன். சத்தம் மட்டும் வந்தது.
இரண்டாம் முறைக்கு முன்
வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள்.
"வேணாம் விடு.
இப்பவே ரேஷன் கடை மெஷினு என்னைத் தெரியலேங்குது.
இருக்கிற ரேகையையும் தேய்ச்சுட்டா
நான் யாருன்னு எங்க போய்ச் சொல்றது?"

சைரன் ஊதிற்று.
ஒயரைச் சுருட்டினேன். வலது கன்னம் பாக்கி.
ஒரு வாரம் வெயிலில் போகக்கூடாது என்கிறது குறிப்பேடு.
ஜன்னலில் மூடுபனி,
எதிர் மேட்டையே காணோம்.

மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது
ஏழு பேரும்
என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார்கள்.